செத்த விண்மீனைச் சுற்றிவிட்டது யார்?

தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: “எரிபொருள் தீர்ந்த வண்டி நின்றுவிடும். எரிபொருள் தீர்ந்து இடிந்து விழுந்த விண்மீன் மட்டும் நொடிக்கு 30 தடவை சுற்றுகிறது என்கிறார்கள். பம்பரம் என்றாலும் சாட்டையை இழுத்துவிட ஒரு கை வேண்டும். இதை யார் சுற்றிவிட்டது?” இதற்கு வழக்கமாகக் கிடைப்பது ஒரே ஒரு வரி: பனிச்சறுக்கு ஆடுபவர் கையை ஒடுக்கிக்கொண்டால் வேகமெடுப்பார், அதுபோலத்தான் இதுவும். தப்பில்லாத பதில். ஆனால் கேட்டவருடைய சந்தேகத்தை அது தொடவில்லை. முதன்முதலில் சுழற்சி எங்கிருந்து வந்தது, பிறகு அது கூடுவதற்கான ஆற்றலை யார் கொடுத்தார் என்று அவர் இரண்டு விஷயங்களைக் கேட்கிறார். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அவர் அதைக் கேட்கவில்லை, இந்தத் துறையில் இருப்பவர்கள்தான் அதை வைத்து இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். இந்த விண்மீன்கள் ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்றுகின்றன என்பதே அது.

சுற்றுவது விண்மீன்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறோம் என்பதிலிருந்து தொடங்கலாம். 1967-இல் ஆய்வு மாணவி ஜோஸ்லின் பெல் கண்டுபிடித்த முதல் பல்சர் (சீராகத் துடிக்கும் விண்மீன்) 1.337 நொடிக்கு ஒரு முறை ரேடியோத் துடிப்பை அனுப்பியது. அப்போது மூன்று விளக்கங்கள் இருந்தன: விண்மீன் விம்மித் தணிகிறது, இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, அல்லது ஒரே விண்மீன் கலங்கரை விளக்கம்போலத் தன்னைத்தானே சுற்றுகிறது. 1968-இல் நண்டு நெபுலா என்ற, வெடித்த விண்மீனின் மிச்சமான வாயுத் திரளின் நடுவில் 33 மில்லிநொடிக்கு ஒரு துடிப்பு தரும் பல்சர் கிடைத்ததும் விவகாரம் ஏறக்குறைய முடிந்துபோனது. அந்தத் துடிப்பின் இடைவெளி நாளுக்குச் சுமார் 36 நானோநொடி நீண்டுகொண்டே போகிறது. ஒன்றையொன்று சுற்றும் ஜோடி ஆற்றலை இழந்தால் நெருங்கி இன்னும் வேகமாகச் சுற்றும், இடைவெளி குறையும். தானே சுற்றும் பொருள் ஆற்றலை இழந்தால்தான் இடைவெளி கூடும். விம்மித் தணிவதும் இந்தப் போக்குக்குப் பொருந்தவில்லை. அடர்த்தியையும் இதிலிருந்தே கணக்கிட்டுவிடலாம். நொடிக்கு 30 சுற்று சுற்றியும் நடுக்கோட்டில் உள்ள பொருள் பிய்த்துக்கொண்டு பறக்காமல் இருக்க, ஒரு கன சென்டிமீட்டரில் குறைந்தது 1,30,000 டன் அடைந்திருக்க வேண்டும். சூரியன் போன்ற விண்மீன்கள் செத்தபின் மிஞ்சும் வெள்ளைக் குள்ளன்களில் அதே இடத்தில் ஒரு டன் அளவில்தான் இருக்கும். ஆகவே இது நியூட்ரான் விண்மீன், அதாவது பெரும்பாலும் நியூட்ரான்களாகவே இறுகிப்போன விண்மீன் கரு. இதில் யாருக்கும் ஐயம் இல்லை.

முதல் கேள்விக்கு வருவோம். சாட்டையை யாரும் இழுக்கவில்லை. விண்மீன் உருவாகும் வாயு மேகத்தில் ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும். அத்தனையையும் கூட்டிக் கழித்தால் மிச்சம் சரியாகப் பூஜ்யமாக வருவது நடக்கிற காரியமில்லை. ஏதோ ஒரு பக்கம் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தை மையத்திலிருந்து தூரம், வேகம், நிறை மூன்றையும் பெருக்கி அளக்கிறோம், அதற்குப் பெயர் கோண உந்தம். வெளியிலிருந்து திருகிவிட யாரும் இல்லாதவரை இந்தப் பெருக்குத்தொகை மாறாது. தூரம் குறைந்தால் வேகம் கூடித்தான் ஆக வேண்டும்.

“கூடித்தான் ஆக வேண்டும்” என்று சொன்னால் மனம் சமாதானம் ஆகாது, நியாயம்தான். அதற்கு ஒரு சோதனை செய்து பாருங்கள். காலியான பேனாக் குழாய் ஒன்று, ஒரு மீட்டர் தூண்டில் நரம்பு, 20 கிராம் அளவில் ஒரு அழிரப்பர். நரம்பைக் குழாய்க்குள் விட்டு மேல்நுனியில் ரப்பரைக் கட்டுங்கள், கீழ்நுனியை ஒரு கையில் பிடித்துக்கொள்ளுங்கள். குழாயைத் தலைக்கு மேல் பிடித்து, ரப்பர் 60 சென்டிமீட்டர் ஆரத்தில் நொடிக்கு ஒரு சுற்று வருமாறு சுழற்றுங்கள். பிறகு குழாயை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, கீழ்நுனியை 30 சென்டிமீட்டர் இழுங்கள். ஆரம் பாதியாகும். ரப்பரின் வேகம் இரண்டு மடங்காகும். போக வேண்டிய வட்டமும் பாதியாகிவிட்டதால், சுற்றுகளின் எண்ணிக்கை நொடிக்கு நாலு. கையில் நாலு வராது, மூன்று, மூன்றரைதான் வரும். குழாயின் விளிம்பில் நரம்பு உரசுவதும் காற்றின் தடையும் மிச்சத்தைத் தின்றுவிடும். விளிம்பு கூராக இருந்தால் நூல் அறுந்துவிடும், நரம்பு எடுக்கச் சொன்னது அதற்காகத்தான். விளிம்பைத் தீக்குச்சியில் லேசாகக் காட்டி மழுங்கவைத்துக்கொள்ளலாம். கல்லைக் கட்ட வேண்டாம். வீட்டு வளவுக்குள் நின்றும் செய்ய வேண்டாம், நாலு பக்கமும் தூண். வெளியே பொட்டலுக்குப் போய்விடுங்கள்.

அந்த ரப்பரில் கவனிக்க வேண்டியது வேகத்தைவிட உங்கள் கையைத்தான். சுற்று மெதுவாக இருக்கும்போது 50 கிராம் எடையைத் தாங்குவதுபோல இருந்த இழுப்பு, ஆரம் பாதியானதும் 400 கிராமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். எட்டு மடங்கு. திமிறிக்கொண்டு வெளியே போகப் பார்க்கும் பொருளை நீங்கள் வலிந்து உள்ளே இழுக்கிறீர்கள். அந்த உழைப்புதான் ரப்பரின் கூடுதல் வேகமாக மாறுகிறது. வேகம் இரண்டு மடங்கு என்றால் இயக்க ஆற்றல் நாலு மடங்கு, அந்தக் கூடுதல் மூன்று மடங்கும் உங்கள் புஜத்திலிருந்து வந்தது. “ஆற்றல் மாறாமல் இருப்பதால்தான் வேகம் கூடுகிறது” என்று சில பாடக் குறிப்புகளில் எழுதியிருப்பார்கள். அது பிழை. மாறாமல் இருப்பது கோண உந்தம், ஆற்றல் கூடுகிறது. கேட்டவருடைய கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. விண்மீனில் இழுக்கும் கை ஈர்ப்பு விசையுடையது.

அந்தக் கை எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று பாருங்கள். விண்மீன் முழுவதும் இடிந்து விழுவதில்லை. கனமான விண்மீனின் நடுவே இரும்புக் கரு ஒன்று சேர்ந்துகொண்டே வரும். இரும்பை இணைத்தால் ஆற்றல் வராது, செலவுதான் ஆகும். ஆகவே அந்தக் கருவுக்கு அடுப்பு இல்லை, எலெக்ட்ரான்களின் நெருக்கம் மட்டுமே அதைத் தாங்கி நிற்கும். அந்தத் தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டு என்று காட்டியவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை என்பது அந்த எல்லை. கரு அதை எட்டும்போது எலெக்ட்ரான்கள் புரோட்டான்களுக்குள் அமுங்கி நியூட்ரான்களாக மாறத் தொடங்கும், தாங்கிநின்ற தூண் உருவப்படும், ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் கரு உள்ளே விழும். விழுவதற்கு முன் அதன் ஆரம் 1500 கிலோமீட்டரிலிருந்து 3000 கிலோமீட்டர் வரை இருக்கலாம். 2000 என்று வைத்துக்கொள்வோம்: காரைக்குடியிலிருந்து செட்டிமார் கொண்டுவிற்கப் போன ரங்கூன் வரை உள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவு. விழுந்த பிறகு ஆரம் 12 கிலோமீட்டர்: காரைக்குடியில் நின்றால் பிள்ளையார்பட்டி. ரங்கூன் வரை பரவிக் கிடந்தது பிள்ளையார்பட்டிக்குள் அடங்கிவிடுகிறது.

ஆரம் 167-இல் ஒரு பங்காகிறது. சுற்றும் வேகம் ஆரத்தின் தலைகீழ் இருபடியைப் பொறுத்தது என்பதால் 167 × 167, சுமார் 28,000 மடங்கு கூடும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருந்த கரு, விழுந்து முடிந்ததும் 22 மில்லிநொடிக்கு ஒரு சுற்று சுற்றும். நண்டு பல்சர் பிறந்தபோது அதன் சுற்று 20 மில்லிநொடிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும் என்பது அது மந்தமாகும் வீதத்தை வைத்துப் பின்னோக்கிப் போட்ட கணக்கு. இரண்டும் பொருந்துவதைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். 600 நொடி என்று நானாக எடுத்துக்கொண்டேன். தவிர, இரும்புக் கருவில் பொருள் நடுப்பக்கம் குவிந்து கிடக்கும், நியூட்ரான் விண்மீனில் ஓரளவு சீராகப் பரவியிருக்கும். அந்த வித்தியாசத்தையும் சேர்த்தால் விடை நாலைந்து மடங்கு தள்ளிப்போகலாம். பத்தாயிரம் மடங்கு அளவில் வேகம் கூடும் என்பதை மட்டும் நம்பலாம்.

இன்னொரு கணக்கும் அடிக்கடி கண்ணில் படும். சூரியன் தன்னைச் சுற்ற நடுக்கோட்டில் 25 நாள் ஆகிறது, ஆரம் சுமார் 6,96,000 கிலோமீட்டர், அதை 12 கிலோமீட்டருக்கு அமுக்கினால் 0.6 மில்லிநொடிக்கு ஒரு சுற்று, ஆகா என்பார்கள். பயிற்சிக்குப் போட்டுப் பார்க்க நல்ல கணக்கு, அவ்வளவுதான். சூரியன் நியூட்ரான் விண்மீனாக ஆகப்போவதில்லை. அந்த வேகத்தில் சுற்றினால் நியூட்ரான் விண்மீனே சிதறும் விளிம்பில் நிற்கும். சோதனையில் இழுப்பு எட்டு மடங்கு ஆனதை நினைவில் வையுங்கள். ஆரம் பாதியானால் பொருளைப் பிடித்துவைக்கத் தேவையான இழுப்பு எட்டு மடங்கு கூடுகிறது, ஈர்ப்போ நாலு மடங்குதான் கூடுகிறது. ஆரம் குறையக் குறைய ஈர்ப்பின் கை தோற்றுக்கொண்டே வரும். மேலே போட்ட எளிய கணக்கின்படி, சுமார் 17 நொடிக்கு ஒரு சுற்றைவிடக் கரு வேகமாகச் சுற்றினால் அதனால் நியூட்ரான் விண்மீன் அளவுக்கு முழுசாகச் சுருங்க முடியாது, நடுவிலேயே சுழற்சி குறுக்கே நிற்கும்.

மூன்றாவது கேள்வி இங்கிருந்து வருகிறது. மேகத்தில் தொடங்கிய கோண உந்தம் அப்படியே வந்து சேர்ந்திருந்தால் விண்மீனே உருவாகியிருக்க முடியாது, நியூட்ரான் விண்மீனுக்கு எங்கே போவது! வழி நெடுக யாரோ பிரேக் போட்டுக்கொண்டே வந்திருக்க வேண்டும். முதல் பிரேக், பிறக்கும்போதே சுற்றி உருவாகும் வட்டு. சூரியக் குடும்பத்தில் நிறையெல்லாம் சூரியனிடம், கோண உந்தமெல்லாம் கோள்களிடம். வியாழனிடம் மட்டும் பாதிக்கு மேல் இருக்கிறது. இரண்டாவது, காந்தப்புலத்தோடு வெளியேறும் விண்மீன் காற்று. மூன்றாவது, விண்மீன் ஊதிப் பெருக்கும்போது கருவின் சுழற்சியை வெளியுறை கறந்துவிடுவது. மார்கழியில் நாம் பார்க்கும் திருவாதிரை அப்படி ஊதிய விண்மீன். அது ஒரு முறை சுற்ற முப்பது, நாற்பது ஆண்டு ஆகிறது என்று ஓர் அளவீடு உண்டு. அதன் பரப்பு கொதிக்கும் உலைபோல மேலும் கீழும் போவதே சுழற்சிபோலத் தோற்றம் காட்டியிருக்கலாம் என்று மறுப்பும் வந்திருக்கிறது. எதுவானாலும் வெளிப்பரப்பைப் பார்த்து உள்ளே கரு எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று சொல்லிவிட முடியாது.

இந்த மூன்றாவது பிரேக்கில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். கெப்ளர் விண்தொலைநோக்கி செம்பெரு விண்மீன்களின் (வயதாகி ஊதிச் சிவந்தவை) நுண்ணிய அதிர்வுகளை அளந்தது. தவிலைத் தட்டி வாரின் இறுக்கத்தைக் கண்டுபிடிப்பதுபோல, அந்த அதிர்வுகளிலிருந்து கருவின் வேகத்தைக் கண்டார்கள். 2012-இல் வந்த முடிவு: கரு வெளிப்பரப்பைப் போல் பத்து மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. கோட்பாட்டுக் கணக்குகள் எதிர்பார்த்த வேகம் அதைவிடக் குறைந்தது பத்து மடங்கு கூடுதல். கருவுக்கும் உறைக்கும் இடையே எதிர்பாராத பிடிப்பு ஒன்று இருக்கிறது. உள்ளே முறுக்கேறும் காந்தப்புலக் கோடுகள் ரப்பர்ப் பட்டைபோல இழுக்கின்றன என்பது பலர் சாயும் விளக்கம். உள்ளே பரவும் அலைகள் கோண உந்தத்தைச் சுமந்து போகின்றன என்பது இன்னொன்று. என் மனம் முதலாவதின் பக்கம்தான், ஆனால் எண்கள் இன்னும் சரியாக உட்காரவில்லை. நியூட்ரான் விண்மீனாகப் போகும் கனமான விண்மீன்களின் கருவை இந்த முறையில் நேரடியாக அளக்கவும் வழியில்லை, இலேசான விண்மீன்களில் கண்டதை அங்கே நீட்டிச் சொல்கிறோம். கரு விழுந்ததும் விண்மீனின் மேலுறை வெடித்துச் சிதறும். அந்த வெடிப்பு ஒருபக்கமாகச் சாய்ந்து நிகழ்வதால் நியூட்ரான் விண்மீன்கள் நொடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் உதைத்துத் தள்ளப்படுவது அளவீட்டில் தெரிந்த உண்மை. அந்த உதை நடுவில் படாமல் ஓரத்தில் பட்டு, விண்மீனைச் சுற்றியும் விட்டிருக்குமா என்பது ஊகம். அப்படியானால் கேட்டவர் தேடும் சாட்டை அதுவாகவும் இருக்கலாம்.

அதற்காகப் பிறக்கும்போது இருந்த வேகமே கடைசி வரை என்று எண்ண வேண்டாம். இன்று தெரிந்த பல்சர்களில் மிக வேகமானது டெர்சான் 5 என்ற விண்மீன் கொத்தில் இருக்கிறது, நொடிக்கு 716 சுற்று. ஆரம் 12 கிலோமீட்டர் என்றால் அதன் நடுக்கோட்டில் ஒரு புள்ளி நொடிக்கு 54,000 கிலோமீட்டர் ஓடுகிறது, ஒளியின் வேகத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். இந்த வேகம் இடிந்து விழுந்ததால் வந்தது அல்ல. இப்படி மிக வேகமாகச் சுற்றுபவை கிழட்டு பல்சர்கள், பக்கத்துத் துணை விண்மீனிடமிருந்து வாயுவை உறிஞ்சி மறுபடி வேகமெடுத்தவை. வாயு நேராக வந்து விழாது. வட்டமடித்து, பரப்பை உரசுவதுபோலப் பக்கவாட்டில் வந்து சேரும். ஓடும் ராட்டினத்தை நின்ற இடத்திலிருந்தே ஒவ்வொரு தடவையும் லேசாகத் தட்டிவிடுவதைப் போன்றது. சூரிய நிறையில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் போதும், மில்லிநொடி வேகம் வந்துவிடும். அதற்குப் பத்து கோடி ஆண்டு அளவில் ஆகலாம். 1998-இல் வாயுவை உறிஞ்சி எக்ஸ் கதிர் வீசியபடி நொடிக்கு 401 சுற்று சுற்றும் ஒன்றைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகு இந்த விளக்கத்தில் ஐயம் குறைந்துவிட்டது. ஆயிரம் சுற்றைத் தாண்டிய ஒன்று ஏன் இதுவரை அகப்படவில்லை என்பதற்கு மட்டும் ஒருமித்த பதில் இல்லை. ஈர்ப்பலையாக ஆற்றல் கசிகிறது என்பார் சிலர், விண்மீனின் காந்தப்புலமே வாயுவைத் தடுத்துவிடுகிறது என்பார் சிலர்.

“எரிபொருள் தீர்ந்த வண்டி நின்றுவிடும்” என்று கேட்டவர் சொன்னாரே, பல்சரும் நிற்கத்தான் போகிறது, உரச ஆள் இல்லாததால் மெதுவாக நிற்கிறது. அதன் காந்தப்புலம் சுழன்று சுழன்று ஆற்றலை வெளியே வீசுகிறது. நண்டு பல்சர் இப்படி இழப்பது சூரியன் வெளியிடும் ஆற்றலைப் போல் ஒரு லட்சம் மடங்குக்கும் அதிகம். ஆனாலும் இந்த மந்தமாதல் சீரான சரிவு கிடையாது. பாய்மரம் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள வேலா பல்சர், நொடிக்கு 11 சுற்று, ஏறக்குறைய மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை திடீரென்று பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேகம் கூடும். உள்ளே உராய்வே இல்லாத நியூட்ரான் திரவம் பழைய வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, மேல் ஓடு மட்டும் மந்தமாகிறது, ஒரு கட்டத்தில் திரவம் தன் மிச்சத்தை ஓட்டுக்குக் கொடுத்துவிடுகிறது என்பது விளக்கம். இந்தத் துள்ளல்களை ஊட்டி முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியும் கவனித்து வருகிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், ஊட்டியின் அட்சரேகைக்குச் சமமான சரிவு உள்ள மலைப்பக்கமாகத் தேடிக் கட்டியிருக்கிறார்கள். அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. பூமி திரும்பும் வேகத்துக்கு ஈடாக ஒரே அச்சில் திருப்பினால் விண்மீன் கண்ணைவிட்டுப் போகாது.

வெள்ளைக் குள்ளன்களைப் பற்றி இரண்டு வரி. அவை பூமி அளவுக்குத்தான் சுருங்குகின்றன. அதனால் பெரும்பாலானவற்றின் சுற்று சில மணி நேரத்திலிருந்து சில நாள் வரை. அதுவும் எளிய கணக்கு எதிர்பார்ப்பதைவிட மந்தம். அங்கேயும் அதே பிரேக்தான் சந்தேகத்துக்குரியது.

நண்டு நெபுலாவைப் பார்க்க வேண்டும் என்றால் மார்கழியில் இரவு 9 மணிக்குக் கிழக்கே பாருங்கள். ரோகிணியின் செந்நிறத்தை முதலில் கண்டுபிடித்து, ரிஷபத்தின் இரண்டு கொம்புகளில் தெற்குக் கொம்பின் நுனிக்குப் போங்கள். அதன் பக்கத்தில் நான்கு அங்குலத் தொலைநோக்கியில் மங்கலான புகைத்திட்டு ஒன்று தெரியும். ஊர் விளக்குகளைவிட்டுத் தள்ளி, ஏதாவது ஒரு ஊருணிக் கரையில் நின்றால் நல்லது. 1054-இல் சீனர்கள் பகலிலும் பார்த்த வெடிப்பின் மிச்சம் அது. பல்சர் அந்தக் கருவியில் தெரியாது, அவ்வளவு மங்கல். ஆனால் கண்ணுக்குப் படும் அந்த வெளுத்த ஒளியின் பெரும்பகுதி, பல்சரின் சுழற்சி குறைந்து குறைந்து கொடுத்த ஆற்றலில் எரிவதுதான்.